நோவுமெத்தை

கருங்கட்டான்குளத்து வேனில் ஏறுகிறவர்கள் ரோட்டைப் பார்க்கிறதில்லை. டிரைவர் தலைக்கு மேலே ஒரு விளக்கு இருக்கிறது, அதைத்தான் பார்ப்பார்கள். வேன் அச்சு வரைக்கும் குழிக்குள் இறங்கும், ஒரு பக்கமாகச் சாயும், கிழட்டு ஆடு மாதிரி ஒரு சத்தம் போட்டு மேலே ஏறும். விளக்கு பச்சையாகவே எரியும். ஊர் முகப்பில் வேப்பமரத்தடியில் வண்டி நின்றதும், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டி ஒரு பெண் குரலில், "உங்கள் பயணம் சுகமாக அமைந்ததில் அரசு மகிழ்ச்சி அடைகிறது" என்று சொல்லும். டிரைவர் குருவையா இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அந்தக் குரலுக்குப் பதில் சொல்லுவான். அந்தப் பதிலை இங்கே எழுத முடியாது.

சீனியம்மாள் மட்டும் ஒருநாளும் பேசாமல் இறங்கிப் போனதில்லை. "மகிழ்ச்சியா இருந்துட்டுப் போறா, விடு" என்பாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வர தினமும் இரண்டு தடவை அந்த மகிழ்ச்சியைக் கேட்கிறவள் அவள்.

இந்த விளக்கு வந்த கதை வேறே இருக்கிறது. பங்க்கில் எண்ணெய் போடும்போதே ரோட்டுக்கென்று வரி பிடிப்பது பழைய வழக்கம். வரி போனது, ரோடு வரவில்லை. ஜனங்கள் குழியில் நாற்று நட்டுப் பார்த்தார்கள். பரிசல் விட்டுப் பார்த்தார்கள். குழிக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தி ஆண்டுவிழாக்கூட எடுத்துப் பார்த்தார்கள். அரசாங்கம் கடைசியில் இறங்கி வந்தது. இனிமேல் மந்திரி சொல்லி ரோடு இல்லை, காண்ட்ராக்டர் சொல்லி ரோடு இல்லை, எங்கே ஜனங்களுக்கு வலிக்கிறதோ அங்கே வரி தானாகப் போகும் என்று அறிவித்தது. ஆள் ஏற்றுகிற ஒவ்வொரு வண்டியிலும் சீட்டுக்கு மேலே மெல்லிசாக ஒரு கறுப்பு விரிப்பைப் பதித்தார்கள். உட்கார்ந்திருக்கிறவர் சதை இறுகுவதை, நாடி துள்ளுவதை, மூச்சு தடைபடுவதை அது படிக்கும். கொஞ்சம் வலி என்றால் மஞ்சள். பெருவலி என்றால் சிவப்பு. ஒரு ரோட்டில் சிவப்பு மூன்று நிமிஷம் நின்று எரிந்துவிட்டால், யார் கையெழுத்தும் இல்லாமல் உத்தரவு தானாகக் கிளம்பும்; ஒரு வாரத்துக்குள் இயந்திரம் வந்து நிற்கும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் பயணத் துயர அளவி. கருங்கட்டான்குளத்தில் நோவுமெத்தை என்றார்கள்.

மெத்தை பதித்த அன்றைக்கு ஊரே சந்தோஷப்பட்டது. சீனியம்மாள் வேனுக்கு முன்னால் தேங்காய் உடைத்தாள். நம்மைவிட நோவுபட்டவன் எவன் இருக்கிறான், முதல் ரோடு நமக்குத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. ஒருநாளும் சிவப்பு எரியவில்லை.

பைபாஸ் ஓரத்தில் புதிதாக எழும்பிய நகர்க்காரர்களுக்கு எரிந்தது. அவர்கள் வண்டியெல்லாம் கரண்டில் ஓடுகிறவை. எண்ணெய் வரி என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. ரோட்டில் ஒரு விரல் அகலம் வெடிப்பு விட்டால் போதும், அவர்கள் உடம்பு பதறிவிடும். குருவையாவின் பழைய டீசல் வேனோ முதல் கியரிலேயே உருள்வதால் ஊரில் எந்த வண்டியையும்விட அதிகமாகக் குடிக்கும். குழி பெருகப் பெருக டீசல் கூடும், டீசல் கூடக் கூட வரி கூடும், அந்த வரியில் பைபாஸ் வழவழப்பாகும். இதை அவன் பங்க்கில் நின்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறான். பங்க் இயந்திரம் அவனுக்கு நன்றி சொல்லும்.

மனுக்கள் போய்ப் போய், ஒருநாள் ஜெபசிங் என்று ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், தூக்கம் கெட்ட கண்கள். அரசாங்க ஆட்களின் வலி கணக்கில் சேராது என்பதால், மெத்தை தன்னைப் படிக்காமல் இருக்க இடுப்பில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு வேனில் ஏறி, சீனியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். கல்யாணக் குழி வந்தது. ஒரு கல்யாண வேன் அச்சு முறிந்து, மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குப் போன குழி அது. ஜெபசிங் தலை கூரையில் இடித்தது. தேய்த்துக்கொண்டே மற்றவர்களைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்க்காமல் இவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, இப்ப எந்திரிச்சீங்களே, எதுக்கு?" என்று சீனியம்மாளிடம் கேட்டார்.

"யாரு எந்திரிச்சா?"

"நீங்கதான். எல்லாரும்தான். குழிக்கு ஒரு நொடி முன்னாடி பதினோரு பேரும் ஒண்ணா இடுப்பைத் தூக்குறீங்க."

வேனில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது தவசிக் குழி. பதினோரு இடுப்பும் எழுந்தன. அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

"மெத்தைக்குக் குழி தெரியாதும்மா. உடம்பு பதறுறதுதான் தெரியும். எந்தக் குழி எங்க வரும்னு உங்க உடம்பு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. முன்னாடியே மூச்சைப் பிடிச்சு, சதையைத் தளர்த்தி, எல்லாத்தையும் அதுவே வாங்கிக்கிடுது. மெத்தைக்கு மிச்சம் ஒண்ணும் போகல."

"அப்ப எங்களுக்கு வலிக்கலைங்கியளா?"

ஜெபசிங் இடிபட்ட தலையைத் தடவிக்கொண்டார். "வலிக்குதும்மா. ஆனா பழகிப்போச்சு. பழகின வலியை அது வலின்னு எழுதாது" என்றார்.

போய் உள்ளதை உள்ளபடி எழுதினார் என்றுதான் கேள்வி. சாலை நலம், பயணிகள் நலம் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஊர் செய்யாத கூத்து இல்லை. யாரும் இடுப்பைத் தூக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு ஏறினார்கள். குழி வந்ததும் தூக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள், கதை பேசிக்கொண்டார்கள். ஒருநாள் குருவையா ஊரிலிருந்து பைபாஸ் வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டினான். அன்றைக்கும் சரியான நொடியில் பதினோரு பேரும் எழுந்தார்கள். கோயில் கொடைக்கு வந்த சம்மந்தக்காரர்களைக் கெஞ்சி உட்கார வைத்ததில் மஞ்சள் வரைக்கும் போனது. அடுத்த கொடைக்கு அவர்கள் வரவில்லை.

இந்தக் கூத்தில் சிரிக்காத ஒரு ஆள் ஆவுடையப்பன். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுஷன். ஆம்புலன்ஸ் பைபாஸோடு நின்றுவிடும். வண்டி உடைந்தால் யார் பொறுப்பு என்பார்கள். போகும்போது எப்படியோ போய்விடுவார். ஊசி குத்திய கையோடு திரும்பும்போதுதான் ஒவ்வொரு குழியிலும் கட்டு நனையும். கூட இருந்து அவரைத் தாங்கிப் பிடிக்கிறவள் பெண்சாதி தங்கபுஷ்பம். சீனியம்மாளுக்கு அடுத்த வீடு. தீப்பெட்டி ஆபீசில் ஒரே வரிசையில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள் இரண்டு பேரும்.

சீனியம்மாளின் ஒரே மகள் பேச்சிக்கனி. பன்னிரண்டு வயதில் விடுதிப் படிப்புக்குப் போனவள், அப்படியே கோயம்புத்தூரில் வேலை, கல்யாணம் என்று அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிவர நாள் பார்த்த மறுநாள் தங்கபுஷ்பம் வந்து உட்கார்ந்தாள். வளைகாப்புக்கு எத்தனை சோறு கட்டுகிறீர்கள், சம்மந்திவீட்டார் எப்படி என்று பேச்சைச் சுற்றி வளைத்தாள். பிறகு முந்தானையை முறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கனியைக் கூட்டிட்டு வரும்போது வேன்லதானே வருவிய மதினி?"

சீனியம்மாளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, "பின்ன, ஏரோப்ளேன்லயா வரப்போறோம்?" என்றாள்.

"இல்ல, அவ உடம்பு இப்பப் பூவா இருக்கும். மெத்தைக்கு அவளைத் தெரியாது. அவளுக்கும் இந்த ரோடு மறந்திருக்கும். ஒரு மூணு நிமிசம்தான் மதினி."

"வயித்துப்பிள்ளைக்காரி வயிறு குலுங்கணுங்கெ."

"குலுங்கணும்னா சொன்னேன்? எப்படியும் வரத்தானே போறா."

"உம் புருசன் ரத்தத்துக்கு எம் மக வயித்தைக் கேட்டு வந்திருக்கியே. கேட்டுட்டு எப்படித்தான் நிமிந்து உக்காந்திருக்க?"

தங்கபுஷ்பம் அழவில்லை. சண்டைக்கும் நிற்கவில்லை. "நான் நிமிந்து ரெண்டு வருசம் ஆச்சு மதினி. அவுகளைத் தாங்கியே இடுப்பு போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சீனியம்மாள் மகளை அழைத்து வந்த அன்று பெட்டியையும் பையையும் வேனில் அனுப்பிவிட்டு, பைபாஸில் இறங்கி மகளை நடத்தியே கூட்டி வந்தாள். நாலு கிலோமீட்டர். ஒவ்வொரு குழியோரத்திலும் உட்கார்த்தி வைத்து, தண்ணீர் கொடுத்து, எழுப்பி நடத்தினாள். நடந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று மகளுக்குக் காரணம் சொன்னாள். வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. வேன் பெட்டியோடும் பச்சை விளக்கோடும் வந்து நின்றதை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். கனியை நலம் விசாரித்தார்கள். சீனியம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து குழாயடியில் அவள் குடத்துக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை.

மாசம் நிறைந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி வெயில். கனி சுவரைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, நோவு கண்டிருச்சு" என்றாள்.

நோவு என்ற சொல் வீடு வீடாகப் போனது. அந்த ஊரில் அதற்கு இப்போது இரண்டு அர்த்தம். ஐந்து நிமிஷத்தில் தெரு நிறைந்துவிட்டது. வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தான் குருவையா; மெத்தையை ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். யாரும் அவனிடம் செய்யச் சொல்லவில்லை. கனி படியில் காலை வைத்தபோது நல்லபடியாகப் போய்வா தாயி என்று நாலு பேர் சொன்னார்கள். ஆனால் கண்கள் எல்லாம் அவள் தலைக்கு மேலே, விளக்கில் இருந்தன. அதைச் சீனியம்மாள் பார்த்தாள்.

அவள் முதலில் ஏறினாள். மெத்தையில் உட்கார்ந்து, முதுகைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு, மகளை இழுத்துத் தன் மடியில் உட்கார்த்தினாள். இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கோத்துத் தாங்கினாள்.

"யம்மா, கனமா இருப்பேன்மா."

"பத்து மாசம் சுமந்தவ. இன்னும் நாலு கிலோமீட்டர்தானே, உக்காரு."

குருவையா கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். வண்டியை எடுத்தான்.

முதல் குழியில் சீனியம்மாளின் இடுப்பு எழுந்தது, மகளின் கனத்தோடும் பேரப்பிள்ளையின் கனத்தோடும். தவசிக் குழியில் எழுந்தது. கல்யாணக் குழியிலும் அதற்கடுத்த இரண்டு குழியிலும் எழுந்தது. முதுகுத்தண்டில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. கனிக்கு ஒரு அலுங்கல் இல்லை. விளக்கு பச்சை. தாயின் உடம்புக்குத்தான் எல்லாம் தெரியுமே.

பைபாஸ் ஏறியதும் அவளுக்குத் தொடை மரத்துவிட்டது. இனிமேல் எண்ணெய் தடவின ரோடு, பயமில்லை என்று மகளை இறக்கி மெத்தையில் சாய்த்தாள். அடுத்த நொடி கனியின் உடம்பு வில்லாக வளைந்தது. நிஜமான நோவு அப்போதுதான் கிளம்பியது.

விளக்கு மஞ்சளாயிற்று. சிவப்பாயிற்று. கருங்கட்டான்குளத்து வேனில் முதல்முறையாகச் சிவப்பு எரிந்தது, ஒரு வெடிப்பும் இல்லாத ரோட்டில். "உங்கள் துயரத்துக்கு அரசு வருந்துகிறது" என்றது பெட்டி. குருவையா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தோள் துண்டை எடுத்து விளக்கின்மேல் போட்டான். துண்டுக்குள்ளிருந்தும் சிவப்பு தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பதினோரு நிமிஷம் அது அணையவில்லை.

ஆண் பிள்ளை. கனிக்குத் தையல் போட்டார்கள். பிள்ளைக்கு மஞ்சள்காமாலை என்று நீல விளக்கின் கீழே கிடத்தி, ஒன்பதாம் நாள்தான் விட்டார்கள். சீனியம்மாள் அந்த ஒன்பது நாளும் கூனிக்கொண்டேதான் நடந்தாள்.

திரும்பி வருகிற அன்று பைபாஸில் ஒரு பக்கம் அடைத்திருந்தது. வீடு அளவுக்கு ஒரு இயந்திரம், ஆள் இல்லாமல், பழைய தாரைச் சுரண்டிப் புதுத் தாரை விரித்துக்கொண்டு நகர்ந்தது. அதன் நெற்றியில் 'உங்கள் நோவு, எங்கள் கடமை' என்று எழுத்துகள் ஓடின. ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு ஜெபசிங் நின்றார். குருவையா வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தினான்.

"நல்லாத்தானே சார் இருந்துச்சு, இந்த ரோடு?" என்று சீனியம்மாள் கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். கனியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. "பதினோரு நிமிசம் எப்படி வந்துச்சுன்னு நானும் யோசிச்சேன்மா. பிரசவ வண்டியா இருக்கும்னு எழுதிப் போடப் பார்த்தேன். காரணம் எழுத அதுல கட்டம் கிடையாது."

வேனில் அன்றைக்கு ஆவுடையப்பனும் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற நாள். கடைசி சீட்டில், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஆள் இல்லை. தங்கபுஷ்பம் இடுப்பு எழ முடியாமல் படுத்துவிட்டாள் என்றும், மூன்று தடவையாகத் தனியாகத்தான் போய் வருகிறார் என்றும் குருவையா மெதுவாகச் சொன்னான்.

பைபாஸிலிருந்து ஊர் ரோட்டுக்குத் திரும்பினார்கள். முதல் குழிக்கு முன்னால் குருவையா வண்டியை நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. சீனியம்மாள் மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு கிடந்தான். பிறந்து ஒன்பது நாள் ஆன உடம்பு. இந்த ரோட்டில் ஒரு குழிகூடத் தெரியாத உடம்பு.

பின்னாலிருந்து ஆவுடையப்பன் பேசினார். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

"வேண்டாம் தாயி. பச்சைமண்ணு. மடியிலயே வச்சுக்கிடுங்க. எனக்கு என்ன, இன்னும் எத்தனை நாளைக்கு."

அவர் கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள். தங்கபுஷ்பம் மாதிரி மடக்கியிருந்தாலும் மறுத்திருப்பாள். வேண்டாம் என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. மகளைப் பார்த்தாள். கனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வைம்மா. நாளைக்கும் இவன் இதுலதானே போகணும்" என்றாள்.

சீனியம்மாள் துணி கூட விரிக்கவில்லை. பிள்ளையை வெறும் மெத்தையில் கிடத்தி, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் உள்ளங்கையை நிறுத்திக்கொண்டாள். குருவையா வண்டியை நகர்த்தினான்.

முதல் குழி. பிள்ளையின் முகம் சுருங்கியது. வாய் கோணி, காற்றை இழுத்தது. விளக்கு மஞ்சள். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது குழி. சின்னக் கைகள் இரண்டும் ஆகாயத்தைப் பிடிக்கிற மாதிரி விரிந்தன. மஞ்சள் கருத்தது. சீனியம்மாள் குனிந்து அவன் காதோடு, வேறு யாருக்கும் கேட்காமல், "அழுதுருய்யா. ஒரே ஒரு தடவை அழுதுரு, ராசா" என்றாள். சொன்ன வாயை அப்போதே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

கல்யாணக் குழி வந்தது. வேன் சாய்ந்து இறங்கியது, சாய்ந்து ஏறியது. பிள்ளை இந்தப் பக்கம் அசைந்தான், அந்தப் பக்கம் அசைந்தான். விரித்த கைகள் மெல்ல மடங்கின. தவசிக் குழியில் கண் செருகியது. அதற்கடுத்த குழியில் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. தூங்கிவிட்டான். பிறகு எத்தனை குழி வந்ததோ, ஆட்ட ஆட்ட அவன் தூக்கம் ஆழமாகிக்கொண்டே போனது.

"தூளின்னு நினைச்சுட்டான்" என்றார் ஆவுடையப்பன்.

விளக்கு பச்சையாக எரிந்தது. இதற்கு முன் யாரும் பார்த்திராத, குளுமையான, தெளிந்த பச்சை. வேப்பமரத்தடியில் வண்டி நின்றதும் பெட்டி தன் மகிழ்ச்சியைச் சொன்னது. குருவையா இறங்கவில்லை, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

படுத்துவிட்டாள் என்று சொன்ன தங்கபுஷ்பம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு மரத்தடிக்கு வந்திருந்தாள். ஜன்னலைப் பிடித்து எட்டி, முதலில் விளக்கைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்கிறதைத்தான் அவளும் கேட்டாள்.

"யாரு சாடை மதினி?"

சீனியம்மாள் தூங்குகிறவனை மெத்தையிலிருந்து எடுத்தாள்.

"நம்ம ஊரு சாடைதான்" என்றாள்.